கடைசிச் சீட்டு

2025 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி. காபி டம்ளரும் கையுமாக உட்கார்ந்து, பேப்பரில் காலமானார் பக்கத்தைப் பார்த்து (அறுபது தாண்டினால் அதுதான் ஸ்போர்ட்ஸ் பக்கம்), தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று நிம்மதியாகும் நேரத்தில் போன் அடித்தது. அக்கா மகன். நியூஜெர்சியிலிருந்து.

"மாமா, அவசரமா ஒரு ஃபர்ஸ்ட் பேஸ்மேன் வேணும்."

எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பையன் வீடு வாங்கப் போகிறான், பேஸ்மென்ட் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பேங்க்கில் கடன் பிரிவில் இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டியவன் நான். சும்மா இருப்பேனா? "எடுத்த உடனே சரின்னு சொல்லிடாதே. மழைக்காலத்துல தண்ணி இறங்குதான்னு பாரு. சுவத்துல ஈரம் இருக்கான்னு தொட்டுப் பாரு" என்று ஆரம்பித்தேன். மூன்று நிமிஷம் பொறுமையாகக் கேட்டான்.

"மாமா, நான் ஆளைச் சொல்றேன். பேஸ்பால் ஆளு."

விஷயம் இதுதான். அவன் ஆபீசில் பன்னிரண்டு பேர் சேர்ந்து வருஷா வருஷம் கற்பனை பேஸ்பால் ஆடுகிறார்கள். மட்டையும் பந்தும் கிடையாது. ஆளுக்கொரு கற்பனை டீம். நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கு ஒருவராக வரிசை வைத்துப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஒருத்தர் எடுத்த ஆளை மற்றவர் எடுக்கக் கூடாது. அப்புறம் ஆறு மாதத்துக்கு அந்த ஆட்டக்காரர்கள் நிஜ மைதானத்தில் என்ன அடிக்கிறார்களோ அதெல்லாம் இவர்கள் கணக்கில் ஏறும். செப்டம்பர் கடைசியில் யார் கணக்கு பெரிசோ அவர் ஜெயித்தார். கடைசியாக வருகிறவர் மற்ற பதினோரு பேருக்கும் சாப்பாடு வாங்கித் தர வேண்டும்.

"பணம் வெச்சு ஆடறியா?" என்றேன். கவலை எனக்கு. பழவேற்காட்டிலேயே பையன்கள் ஐபிஎல் சமயத்தில் போனும் கையுமாக, பதினொரு பேரைப் பொறுக்கி, பணம் கட்டி, ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்ததைப் பார்த்தவன். (அந்த ஆட்டத்தை 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் சட்டம் போட்டு நிறுத்தியது.)

"இல்ல மாமா, சாப்பாடு மட்டும்தான். ஆனா போன வருஷம் நான்தான் கடைசி" என்றான்.

குரலில் வருத்தம் இருந்தது. எங்கள் குப்பத்தில் கட்டுமரம் தள்ளியவனின் மகன். ஏரிக்கரையில் தெருவிளக்கில் படித்து, இன்ஜினீயரிங் முடித்து, அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான். சுற்றியிருக்கிறவர்கள் பிறந்ததிலிருந்து பேஸ்பால் பார்த்தவர்கள். அவர்கள் நடுவில் கடைசி ஆளாக நிற்பது அவனுக்குச் சாப்பாட்டுச் செலவை விடப் பெரிய விஷயம். இது எனக்குப் புரிந்தது. சென்னை பிராஞ்ச்சில் சேர்ந்த முதல் வருஷம் நானும் அப்படி நின்றவன்தான்.

இந்த விளையாட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. டேனியல் ஓக்ரென்ட் என்று ஒரு பத்திரிகைக்காரர். 1980-ல் நியூயார்க்கில் நண்பர்களைச் சேர்த்து ஆரம்பித்தார். அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலின் பெயர் 'லா ரோட்டிஸரி ஃபிரான்சேஸ்'. அதனால் ஆட்டத்துக்கே 'ரோட்டிஸரி' என்று பெயர் வந்துவிட்டது. நம்மூரில் ஆரம்பித்திருந்தால் 'முனியாண்டி விலாஸ் லீக்' என்று ஆகியிருக்கும். கண்டுபிடித்த ஓக்ரென்ட் தன் லீக்கில் ஒரு தடவை கூட ஜெயித்ததில்லை என்பது உபரித் தகவல்.

சரி, ஃபர்ஸ்ட் பேஸ்மேன் என்பவர் யார்? பேஸ்பால் மைதானத்தில் சதுரத்தைச் சாய்த்து வைத்தது போல நாலு முனை. மட்டையடித்தவன் முதலில் ஓடி வரவேண்டிய முனை, ஃபர்ஸ்ட் பேஸ். அவன் வந்து சேருவதற்குள் பந்து அங்கே வந்துவிட்டால் அவுட். அந்த முனையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எறிகிற பந்தையெல்லாம் பிடிக்கிறவர்தான் நம் ஆள். அவர் பெரிதாக ஓட வேண்டியதில்லை. தூரமாக எறிய வேண்டியதில்லை. அதனால் உயரமான, கனமான, வேகம் குறைந்த ஆட்களை, ஆனால் மட்டையடியில் சூரர்களை, அங்கே நிறுத்துவது வழக்கம். நம்ம இன்சமாம்-உல்-ஹக்கை ஸ்லிப்பில் நிறுத்தின மாதிரி.

இங்கேதான் சிக்கல். அந்த இடத்தில் நிற்கிறவர்கள் எல்லாருமே நன்றாக அடிக்கிறவர்கள். யாரை எடுப்பது?

பையன் எக்ஸெலில் அனுப்பினான். ஐந்து பேர். முதலில் விளாடிமிர் குரேரோ ஜூனியர், டொராண்டோ. 2024-ல் 30 ஹோம்ரன், சராசரி .323. (நம்ம சராசரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பத்துக்கு மூன்று தடவை சரியாக அடித்தால் அங்கே பெரிய ஆள்.) அடுத்தது பிரைஸ் ஹார்ப்பர், ஃபிலடெல்பியா. வெளி மைதானத்தில் நின்றவர், முழங்கை ஆபரேஷனுக்குப் பிறகு 2023-ல் முதல் முனைக்கு வந்தார். மூன்றாவது ஃபிரெடி ஃபிரீமன், லாஸ் ஏஞ்சலஸ். 2024 அக்டோபரில் சுளுக்கிய கணுக்காலோடு ஆடி, வேர்ல்டு சீரிஸ் முதல் ஆட்டத்தைக் கடைசிப் பந்தில் நாலு ரன் அடித்து முடித்துக் கொடுத்தவர். ஆனால் முப்பத்தைந்து வயது. நாலாவது மேட் ஓல்சன், அட்லாண்டா. 2023-ல் 54 ஹோம்ரன், அடுத்த வருஷம் 29. ஆனால் ஒரு ஆட்டம்கூட லீவு போடாமல் வருஷத்துக்கு 162 ஆட்டமும் ஆடுகிறவர். ஐந்தாவது பீட் அலான்சோ, நியூயார்க் மெட்ஸ். பட்டப்பெயர் பனிக்கரடி. 34 ஹோம்ரன், அவரும் லீவு போடாத பேர்வழி.

"குரேரோவை எப்படியாவது புடிச்சுடணும் மாமா" என்றான்.

நான் பேஸ்பாலில் கைநாட்டு. ஆனால் கடன் பிரிவில் ஒரு பாலபாடம் உண்டு. மனு போட்டவர் எவ்வளவு பெரிய ஆள் என்பது இரண்டாவது கேள்வி. அந்த ஆள் நாளைக்கே இல்லை என்றால் என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி. அதை எடுத்துவிட்டேன்.

"உன் லிஸ்ட்ல முதல் ஆளுக்கும் பன்னெண்டாவது ஆளுக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். "அவ்வளவா இல்ல மாமா. பன்னெண்டாவது ஆளும் நல்லாத்தான் அடிக்கிறான்."

"வேற எந்த இடத்துல முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ரொம்ப வித்தியாசம்?"

"கேட்சர்ல. நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. அதுல ரெண்டு மூணு பேருதான் அடிப்பான். மத்தவன்லாம் வேஸ்ட்டு."

"அப்ப முதல்ல அங்க போ. நிறைய பேரு நல்லா இருக்கிற இடத்துக்குக் கடைசில போனாலும் நல்லவன்தான் கிடைப்பான்."

மறுமுனையில் மௌனம். பிறகு, "மாமா, இதைத்தான் இங்க புஸ்தகமா போட்டு விக்கிறாங்க" என்றான். எனக்குக் காபி இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கும் தைரியம் வந்தது.

இது உண்மையிலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது. மைக் பியாஸா என்று ஒருத்தர். 1988-ல் நிஜ ஆட்டக்காரர்களைக் கல்லூரியிலிருந்து டீம்கள் பொறுக்கும்போது அவரை எடுக்க ஆளில்லை. அப்போது அவர் ஃபர்ஸ்ட் பேஸ்மேன். கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அறுபத்திரண்டாவது சுற்றில், 1,390-வது ஆளாக எடுத்தது. அதுவும் அவர் அப்பாவின் சிநேகிதர் அந்த டீமின் மேனேஜர் என்பதால் ஒரு தாட்சண்யத்துக்கு. கூடவே, கேட்சராக மாறு என்றார்கள். மாறினார். அதே மட்டை, அதே அடி. முதல் முனையில் நின்றபோது பத்தோடு பதினொன்று. கேட்சர் இடத்துக்கு வந்ததும், கேட்சர்களில் யாரும் அப்படி அடித்ததில்லை என்று ஆகிவிட்டது. மொத்தம் 427 ஹோம்ரன். 2016-ல் ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் பொறித்துவிட்டார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. 2003 உலகக் கோப்பையில் ராகுல் திராவிட் கையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்து நின்றது ஞாபகம் இருக்கும். அவர் கீப்பர் இல்லை. ஆனால் அவர் அங்கே நின்றதால் டீமில் இன்னொரு பேட்ஸ்மேனுக்கு இடம் கிடைத்தது. அந்த வருஷம் திராவிட் அடித்த ரன்னை மட்டும் கூட்டினால் இந்தக் கணக்கு அதில் வராது.

ஏப்ரலுக்கு முன்னால் அவர்களுடைய ஆள் பொறுக்கல். யார் முதலில் எடுப்பது என்று சீட்டுக் குலுக்கினார்கள். நம்ம பையனுக்குப் பன்னிரண்டாவது சீட்டு, கடைசி. ராத்திரியே போன். "போச்சு மாமா."

"ரெண்டாவது சுத்து எப்படி?"

"அது பாம்பு மாதிரி மாமா. திரும்பி வரும். கடைசி ஆளு முதல் ஆளாயிடுவான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், இது நம்ம பாடுடா!"

படிக்கிற உங்களுக்குப் 'பாடு' புரியாது. சொல்கிறேன். பழவேற்காடு ஏரி சென்னைக்கு வடக்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய உப்பு நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், கொஞ்சம் நம்மிடம். டூரிஸ்ட்டுகளுக்கு டச்சுக்காரர் கல்லறையும் பூநாரையும்தான் ஏரி. எங்களுக்கு இறால். இந்த இறாலுக்கு ஏரியெல்லாம் ஒன்றல்ல. கடல் தண்ணீர் உள்ளே வந்து போகிற முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் வலை கட்டினால் கூடை நிறையும். கொஞ்சம் தள்ளிக் கட்டினால் அரைக்கூடை. வலை கட்டுகிற அந்தந்த இடத்துக்குத்தான் பாடு என்று பேர்.

எல்லாரும் நல்ல இடத்துக்குப் போனால் மண்டை உடையும். அதனால் எங்கள் முன்னோர் என்றைக்கோ ஒரு வழி கண்டார்கள். உரிமை உள்ளவர்கள் பெயரையெல்லாம் சீட்டு எழுதிக் குலுக்கி, யாருக்கு எந்த முறை என்று வைப்பது. இன்றைக்கு நல்ல பாட்டில் கட்டியவன் அடுத்த முறை தள்ளிப் போவான். தள்ளி இருந்தவன் நல்ல இடத்துக்கு வருவான். அப்பனுக்கு இருந்த உரிமை மகனுக்கு. ஆராய்ச்சி செய்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து இதை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"கடைசிச் சீட்டு வந்தா உங்க அப்பா என்ன சொல்வாரு?" என்றேன்.

"அடுத்த சுத்து நம்மளுதுன்னுவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. அத்தான் 2022-ல் போய்ச் சேர்ந்தார்.

போனை வைக்கப் போகும்போதுதான் அவன் அதை ஆரம்பித்தான்.

"மாமா, இன்னொரு கணக்கும் போட்டு வெச்சிருக்கேன். அம்மா கணக்கு."

அத்தான் போன பிறகு அக்கா தனியாகத்தான் இருக்கிறாள். அத்தானுடைய முறையில் அவர் தம்பி மகன் போகிறான். ஒரு பங்கு அக்காவுக்கு வருகிறது. அதோடு ஏலத்தில் கொஞ்சம் இறாலும் நண்டும் எடுத்துப் பொன்னேரியில் கொடுப்பாள். பையன் எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டிருந்தான். மாசம் எட்டாயிரம். மழைக்காலத்தில் கொஞ்சம் கூட. முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைத்துக்கொண்டால் அதுவும் இல்லை. செலவுப் பக்கத்தில் முழங்கால் வலி, ரத்த அழுத்தம், ஓட்டு வீடு, புயல்.

"அந்த எட்டாயிரத்தை நான் இங்க ஒரு நாள்ல சம்பாதிச்சுடறேன் மாமா. அது அங்க யார் வேணா செய்யற வேலைதானே? வீட்டைக் குடுத்துட்டு என்னோட வந்து இருக்கட்டும். நீங்க சொன்னா கேப்பாங்க."

மறுப்பதற்கு எதுவும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்த அதே கணக்கு. பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டேனே தவிர, நாலு மாசம் போகவில்லை. வெயில், பல்வலி, பேத்தி ஸ்கூல் அட்மிஷன் என்று ஏதோ ஒரு சாக்கு. கடைசியில் ஜூலை 30, புதன்கிழமை, சென்ட்ரலில் ரயிலேறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

அன்றைக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோள். ராக்கெட் விடுகிற நாளில் அந்தப் பக்கக் கடலுக்குப் போகக் கூடாது. கடலோடிகள் கரையில் வலை பொத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் சும்மாதான் இருப்பாள், நிதானமாகப் பேசலாம் என்று நினைத்தேன்.

திண்ணையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். "வா தம்பி, குந்து. கண்ணாடிய மட்டும் எடுத்துக் குடு" என்றாள். கொடுத்தேன். பேச ஆரம்பிக்குமுன் ஒரு ஆள் வந்தான். போன வாரப் பங்கு நாலு பேருக்குப் பிரித்ததில் தனக்கு நூற்றைம்பது குறைகிறது என்றான். அக்கா நோட்டைப் புரட்டி, "செவ்வாய்க்கிழம நீ டீசலுக்கு வாங்கினியே" என்றாள். தலையைச் சொறிந்துகொண்டு போனான். அவன் படி இறங்குவதற்குள் ஒரு பெண் இடுப்புக் குழந்தையைத் திண்ணையில் இறக்கிவிட்டு, நண்டு பிரிக்கப் போவதாகச் சொல்லிப் போய்விட்டாள். அக்கா கேட்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. குழந்தை நேராக அவள் மடிக்கு வந்தது. அப்புறம் ஒரு பெரியவர். வெள்ளை மாத்திரை காலையிலா, மஞ்சள் மாத்திரை காலையிலா? அப்புறம் ஒரு பையன். "பெரிம்மா, நாளைக்கி யாரு முறை?" பேரைச் சொன்னாள். நோட்டைப் பார்க்கவில்லை. அப்புறம் இரண்டு பெண்கள், சீட்டுப் பணம் அவளிடம் கொடுத்து வைக்க. அப்புறம் அவர்களில் ஒருத்தியின் புருஷன், அந்தப் பணத்தைக் கேட்டு. "அவளைக் கூட்டியா, தர்றேன்" என்றாள். அவன் போய்விட்டான். அவளைக் கூட்டி வரவில்லை.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை எண்ணினேன். பத்தொன்பது பேர். யாரும் அவளுக்குக் காசு தரவில்லை. இது எதுவும் எட்டாயிரத்தில் இல்லை. எக்ஸெலில் வரியே இல்லை.

ஐந்து நாற்பதுக்கு வடக்கே ராக்கெட் எழும்பியது. புகைக்கோடு, கொஞ்ச நேரம் கழித்து இடி மாதிரி சத்தம். குழந்தை மட்டும் கை தட்டியது. அக்கா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "போய்டுச்சா? அப்ப நாளைக்கிக் கடலு உண்டு" என்று சொல்லி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

நான் பேச வந்ததைப் பேசவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் பையன். அங்கே காலை. ஏகக் குஷியில் இருந்தான். மார்ச்சில் என் பேச்சைக் கேட்டு, ஃபர்ஸ்ட் பேஸை அவசரப்படாமல் விட்டு, நாலாவது சுற்றில் பனிக்கரடி அலான்சோவை எடுத்திருந்தான். (கேட்சர் விஷயத்தில் என் பேச்சைப் பாதிதான் கேட்டான். சியாட்டில் கேட்சர் கால் ராலேவை வேறு ஒருத்தர் கொண்டுபோய்விட்டார். ராலே அந்த வருஷம் 60 ஹோம்ரன் அடித்தார். கேட்சர் ஒருத்தர் அவ்வளவு அடித்ததே கிடையாது. போகட்டும்.) இப்போது புதுச் சந்தோஷம். நிக் கர்ட்ஸ் என்று ஒரு பொடியன். ஏப்ரல் 23-ம் தேதிதான் பெரிய லீக்கில் முதல் ஆட்டமே. பன்னிரண்டு பேரில் ஒருத்தர்கூட அவனை எடுக்காமல் மிச்சம் கிடந்தவனை நம்ம பையன் மே மாதம் சும்மா எடுத்துப் போட்டு வைத்திருந்தான். ஜூலை 25-ம் தேதி ஹூஸ்டனில் அந்தப் பொடியன் ஒரே ஆட்டத்தில் நாலு ஹோம்ரன். முதல் வருஷ ஆட்டக்காரன் ஒருத்தன் அப்படி அடித்தது சரித்திரத்திலேயே இல்லை. அவனும் ஃபர்ஸ்ட் பேஸ்மேன்தான்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த ஆளுக்கு இன்னாடா வேல அங்க?"

பையன் விளக்கினான். பந்தைப் பிடிப்பது, எல்லாரும் அவனிடம்தான் எறிவார்கள், தரையில் குத்தி வந்தாலும் அள்ளிப் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் எறிந்தவன் பேர் கெட்டுப்போகும்.

"ஒரு ஆட்டத்துல எத்தினி புடிப்பான்?"

"பத்துக்கு மேலயே வரும்மா, சில நாள்ல."

"அதுக்கு எவ்ளோ மார்க்கு?"

"அதுக்கு மார்க் கிடையாதும்மா. அடிக்கிறதுக்கு மட்டும்தான். ஹோம்ரன், ரன், சராசரி..."

அக்கா கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். "புடிக்கறதுக்குன்னு ஒரு ஆள நிறுத்திட்டு, புடிச்சா மார்க்கு இல்லியா? இன்னாடா ஆட்டம் இது?"

பையன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"உன் அம்மா கணக்கைக் கிழிச்சுப் போடு" என்றேன். "நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். இந்த ஆள் இல்லாட்டி என்ன ஆகும்னுதானே கேக்கச் சொன்னேன்? நீ எட்டாயிரம் போகும்னு போட்டிருக்கே. இன்னிக்கி ரெண்டரை மணி நேரத்துல பத்தொன்பது பேரு வந்தாங்க. அதுல ஒண்ணைக்கூட அவ கீழ போடல. அதை எங்க எழுதுவே?"

அவன் பதில் சொல்லவில்லை. தெருவில் நாய் குரைத்துக்கொண்டிருந்தது. "மாமா, அவங்க தனியா விழுந்து கிடந்தா?" என்றான் கடைசியில். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதுவும் நியாயமான கேள்விதான்.

முடிவில் ஒரு ராஜிக்கு வந்தோம். வீட்டை விற்கிற பேச்சு இல்லை. வீசா முன்னாலேயே வாங்கி வைத்தது சும்மா கிடக்கிறது. செப்டம்பரில் ஐந்து வாரம் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு முன்னால் திரும்பிவிடுவது. அக்கா உடனே சம்மதிக்கவில்லை. "இத்தையெல்லாம் யாரு பாக்கறது?" என்றாள். ஆள் போட்டோம். பங்குக் கணக்குக்குக் காலேஜ் படிக்கிற ஒரு பெண். சீட்டுப் பணத்துக்கு எதிர்வீட்டு அம்மா. பெரியவர் மாத்திரைக்கு அவர் மருமகள். முறை சொல்வதற்கு அத்தான் தம்பி மகன். நாலு பேர். குழந்தையைப் பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. அதன் அம்மா அந்த ஐந்து வாரம் நண்டு பிரிக்கப் போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

அங்கே பையன் அவளை நியூயார்க்கில் ஒரு மெட்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனான். அலான்சோவைக் காட்டினான். "இன்னா பார்த்தே?" என்று திரும்பி வந்ததும் கேட்டேன். அவளுக்கு ஹோம்ரனெல்லாம் ஞாபகமில்லை. "அந்தக் குண்டுப் புள்ள இருக்கான் பாரு, முதல் மூலைல. எதிராளி ஓடியாந்து நின்னா, அவன்கிட்டயும் சிரிச்சுப் பேசறான்டா. மத்தவன்லாம் உம்முனு நிக்கறான். அவன் நல்ல ஆளு" என்றாள். பேஸ்பால் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். வாஸ்தவம்தானாம். எதிர் டீம்காரன் வந்து நிற்கிற முதல் இடம் அது. ஃபர்ஸ்ட் பேஸ்மேன்கள் வாயடிக்கிறதற்குப் பேர் போனவர்களாம்.

லீக் முடிவு கேட்பீர்கள். அலான்சோ 38 ஹோம்ரன். கர்ட்ஸ் 36, அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் என்ற பரிசும் வாங்கிவிட்டான். இத்தனைக்கும் நம்ம பையன் பன்னிரண்டு பேரில் ஐந்தாவது. பந்து வீசுகிறவர்கள் காலை வாரிவிட்டார்களாம். சாப்பாடு வாங்கித் தரவில்லை, சாப்பிட்டான்.

அக்கா ஊர் திரும்பின மறுநாள் போயிருந்தேன். வாசலில் செருப்புகள். திண்ணையில் அந்த நாற்பது பக்க நோட்டு. ஐந்து வாரத்தில் நாலு பேர் கையெழுத்தில் அடித்தும் திருத்தியும் கிடந்தது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சாக்லேட்டைக் குழந்தை கையிலும் முகத்திலும் பூசிக்கொண்டு அவள் மடியில் உட்கார்ந்திருந்தது.

"தம்பி, வந்தியா? கண்ணாடிய எடு" என்றாள். "எண்ணூத்தி இருவது ரூவா உதைக்குது. எங்கன்னு பாக்கணும்."

இரண்டு பேருமாக உட்கார்ந்து தேடினோம். அதற்குள் மூன்று பேர் வந்து நின்றார்கள்.